பழைய பவர் சென்சார் வாங்குதல்

ரேடியோ அலைத் திறனை அளக்கும் பவர் மீட்டருக்கு இரண்டு பாகங்கள். மேசைமேல் இருக்கும் பெட்டியைத்தான் எல்லோரும் மீட்டர் என்பார்கள். அலையை வாங்கி அளப்பதோ கேபிளின் நுனியில் இருக்கும் சென்சார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த உலோகக் குழலுக்குள் திறன் முதலில் வெப்பமாக மாறும், அல்லது டயோடு வழியாக நேராகவே மின்னழுத்தமாக மாறும். வெப்ப வகையில் ஒரு மில்லிவாட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம் நூறு மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். பெட்டியின் வேலை அதைப் பெருக்கி எண்ணாகக் காட்டுவது. பெட்டி கெட்டால் ஃபியூஸ் போயிருக்கும், கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், திரை இருண்டிருக்கும். கண்ணுக்கு ஏதாவது தெரியும். சென்சார் கருகினால் வெளியே ஒரு தடயமும் இருக்காது. இரண்டும் ஒரே விலைக்கு ஒரே மேசையில் கிடந்தாலும், பழைய சாமான் வாங்குகிறவர் தன் கவனத்தில் முக்கால் பங்கைச் சென்சாருக்கே தர வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் இந்தக் கருவிக்கு வேலை இருக்கிறது. அமெச்சூர் வானொலிக்கான ஹாம் உரிமம் பெற்றவர் தன் டிரான்ஸ்மிட்டரின் திறன் உரிமத்தின் உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாக்கி-டாக்கி பழுது பார்ப்பவர், திருப்பிக் கொடுக்கும் செட் ஐந்து வாட் தருகிறதா, மூன்றோடு நின்றுவிடுகிறதா என்று சொல்ல வேண்டும். புதுச் சென்சார் ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். பழையது அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும் என்பதால் சிறு பட்டறைகள் அதையே தேடுகின்றன. செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை ஒரு பக்கம். செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் மறுபக்கம். எந்தப் பக்கம் போனாலும் தவறாக வாங்கியதைத் திருப்பித் தர ஒரு முழு நாள் போய்விடும். எனவே பேருந்து ஏறுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை அதிகம்.

மூன்று வகைகள்

பழைய சந்தையில் மூன்று தலைமுறைச் சென்சார்கள் கலந்து கிடக்கும். மூத்தது தெர்மிஸ்டர் மவுண்ட். ரேடியோ திறன் ஒரு சிறு மணியைச் சூடாக்கும். அதன் மின்தடை மாறாமல் இருக்க, மீட்டர் தான் கொடுத்துவந்த நேர்மின் திறனை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். குறைத்த அளவே வந்த திறன். ஹியூலட்-பேக்கார்டின் 478ஏ, 8478பி மவுண்ட்களும் 432ஏ மீட்டரும் இந்த இனம். கணக்கு நேரடியானது என்பதால் அளவியல் கூடங்கள் இதை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தன. பட்டறைக்கு இது அவ்வளவாக ஒத்துவராது. பத்து மில்லிவாட்டோடு எல்லை முடிந்துவிடும், அறையின் வெப்பம் ஏறி இறங்கினால் பூஜ்யமும் கூடவே நகரும்.

அடுத்தது தெர்மோகப்பிள். 1970களின் நடுவில் 435ஏ மீட்டரோடு வந்த 8481ஏ இதில் பெயர் பெற்றது. உள்ளே இரண்டு சிறு வெப்பமின் இணைகள் உண்டு. ரேடியோ அலைக்கு அவை இணையாக நின்று 50 ஓம் காட்டும். நேர்மின்னுக்குத் தொடராக நின்று அழுத்தத்தைக் கூட்டித் தரும். வெப்பத்தை அளப்பதால் அலையின் வடிவம் இதற்கு ஒரு பொருட்டல்ல. எஃப்.எம். ஆனாலும், டிஜிட்டல் பண்பேற்றம் ஆனாலும் சராசரித் திறனை உள்ளபடி சொல்லும். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சின் உச்சத் திறனை மட்டும் இதனிடம் கேட்கக் கூடாது. சராசரி ஒன்றுதான் இதற்குத் தெரியும்.

மூன்றாவது டயோடு. 8484ஏ, 8481டி ஆகியவை 100 பிக்கோவாட்டிலிருந்து 10 மைக்ரோவாட் வரை, அதாவது மைனஸ் 70 முதல் மைனஸ் 20 டிபிஎம் வரை அளக்கும். அந்த எல்லைக்குள் டயோடின் வெளியீடு திறனுக்கு நேர்விகிதமாக இருக்கும். அதற்கு மேலே போனால் வளையும். பின்னாளில் வந்த ஈ4412ஏ போன்றவை அந்த வளைவுக்கான திருத்தத்தை உள்ளிருக்கும் நினைவகச் சில்லில் வைத்துக்கொண்டு மைனஸ் 70 முதல் பிளஸ் 20 டிபிஎம் வரை எட்டுகின்றன. ஆனால் அந்தத் திருத்தம் மாறாத வீச்சுள்ள அலைக்கு மட்டுமே பொருந்தும். டிஜிட்டல் பண்பேற்றம் ஏறிய அலையை மேல் எல்லையில் கொடுத்தால் தவறான எண் வரும்.

எண்ணைப் படிக்கும் முறை

மேலட்டையில் அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். 8480 வரிசையில் நான்காம் இலக்கம் அலைவரிசையையும் கனெக்டரையும் குறிக்கும். 8481 என்றால் 18 கிகாஹெர்ட்ஸ் வரை, என்-டைப் கனெக்டர். 8482 என்றால் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. 8483 என்பது 75 ஓம். 8485-இன் எல்லை 26.5 கிகாஹெர்ட்ஸ், கனெக்டர் 3.5 மில்லிமீட்டர். பின்னால் வரும் எழுத்து திறனைச் சொல்லும். ஏ என்றால் (8484ஏ நீங்கலாக) 1 மைக்ரோவாட் முதல் 100 மில்லிவாட், எச் என்றால் 3 வாட் வரை, பி என்றால் 25 வாட் வரை, டி என்றால் பிக்கோவாட் கணக்கு. ஹியூலட்-பேக்கார்டின் அளவைக் கருவிப் பிரிவே 1999-இல் அஜிலென்ட் ஆகவும் 2014-இல் கீசைட் ஆகவும் பெயர் மாறியதால், ஒரே மாதிரி எண் மூன்று சின்னங்களோடும் வரலாம்.

கண்ணைப் பறிப்பது 18 கிகாஹெர்ட்ஸ் என்ற எண். விற்பவரும் அதையே முதலில் சொல்வார். ஆனால் 8481ஏ தொடங்குவதே 10 மெகாஹெர்ட்ஸில்தான். ஹாம்கள் அன்றாடம் புழங்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட்டைக் கட்டிவிட்டு, 40 மீட்டரில் (அதே 7 மெகாஹெர்ட்ஸ்) எத்தனை வாட் வருகிறது என்று 8481ஏ-யிடம் கேட்டால், அது சொல்லும் எண்ணுக்கு அதைச் செய்தவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். கீழே 7 மெகாஹெர்ட்ஸ், மேலே 145, 435 மெகாஹெர்ட்ஸ் என்று வேலை செய்பவருக்கு 8482ஏ-தான் சரி. மைக்ரோவேவ் ஆட்கள் அதைத் தேடாததால் சில வேளை விலையும் குறைவாக இருக்கும்.

75 ஓம் இன்னொரு பொறி. எந்த ஊரிலும் கேபிள் டிவி இணைப்பு 75 ஓம் என்பதால் 8483 பொருத்தமானது போலத் தோன்றும். கேபிள்காரர்கள் பேசும் அலகு டெசிபல்-மைக்ரோவோல்ட். 75 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது 108.75, 50 ஓமில் 107. அந்த வேலைக்கு அவர்களிடம் இருக்கும் சிக்னல் லெவல் மீட்டரே போதும். அதைவிடப் பெரிய கவலை ஊசியைப் பற்றியது. 75 ஓம் என்-டைப்பின் நடு ஊசி மெல்லியது. அதன் பெண் கனெக்டருக்குள் 50 ஓம் ஊசியைத் திருகினால் உள்விரல்கள் விரிந்து கனெக்டர் கெட்டுவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும் கடையில் இந்த விபத்து ஏற்கெனவே நடந்திருக்கலாம்.

கிடைக்கும் இடங்கள்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் பெங்களூரில் எஸ்.பி. சாலையும் பலரும் அறிந்தவை. இரண்டும் பெரும்பாலும் உதிரிபாகச் சந்தைகள். அளவைக் கருவி விற்பவர்கள் முன்வரிசையில் இருப்பதில்லை. மாடிப்படி ஏறி, பின்கட்டில், தெரிந்தவர் சொல்லித்தான் போக வேண்டும். அங்கே கேட்கும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: “ஆன் ஆகுது சார், அதுக்கு மேல நமக்குத் தெரியாது.” இது பெரும்பாலும் உண்மையான பதில். சென்சாரைச் சோதிக்க மில்லிவாட் ஆதாரம் வேண்டும். அது அவரிடம் இருக்காது.

சரக்கு அந்தக் கடைகளுக்கு வருவது ஏலங்கள் வழியாக. பொதுத்துறை நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் கழித்த சாமான்களை 1964-இல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்ஏலத்தில் லாட் லாட்டாக விடுகின்றன. இருந்த இடத்தில், இருந்தபடி என்பதே நிபந்தனை. மின்னணுக் கழிவு என்று வகைப்படுத்திய லாட்டை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்தான் எடுக்க முடியும். தனி ஆளுக்கு அந்த வாசல் கிடையாது. காயலான் கடைக்கு எடைக்கணக்கில் வந்த சென்சார் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் திறனைக் குறைத்துத் தரும் அட்டணுவேட்டர், கேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் வெவ்வேறு மூட்டையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு ஊற்று பொறியியல் கல்லூரிகள். அண்மை ஆண்டுகளில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. ஆய்வகச் சாமான்கள் விற்பனைக்கு வருகின்றன. மைக்ரோவேவ் ஆய்வகத்திலிருந்து வருவது பெரும்பாலும் கிளைஸ்ட்ரான் அல்லது கன் டயோடு வைத்த எக்ஸ்-பேண்ட் பெஞ்ச், 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் செவ்வக அலைக்குழாய்ச் சாமான்கள். அவற்றோடு வரும் டிடெக்டர் மவுண்டையும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரையும் பவர் மீட்டர் என்று சொல்லி விற்பதுண்டு. அவை ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் உதவும், மில்லிவாட் சொல்லாது. உண்மையான பவர் சென்சார் கல்லூரிச் சரக்கில் வந்தால் நல்ல பேறு. ஆய்வகக் கிளைஸ்ட்ரானின் திறன் மில்லிவாட் கணக்கில்தான் என்பதால் மாணவர் கையில் அது கருகியிருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் கனெக்டர் தேய்ந்திருக்கும், ஆண்டுக்கு நூறு பேர் கழற்றி மாட்டியிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் பொருளின் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவதுண்டு. சரக்குக் கட்டணத்தையும் சேர்த்த மதிப்பின்மேல் சுங்க வரி, அதன்மேல் 18 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம் என்று அடுக்கடுக்காக ஏறும். பயன்படுத்திய மின்னணுப் பொருளின் இறக்குமதி, கழிவு மேலாண்மைக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின் வரம்புக்குள் வருவதால் தடங்கலும் வரலாம். எல்லாம் கூட்டினால் உள்ளூரில் சோதித்து வாங்கும் விலையை அது நெருங்கிவிடும்.

பணம் கொடுக்குமுன்

போனில் பேசும்போதே நான்கு படங்கள் கேட்டு வாங்குவது வழக்கம். முதல் படம் மேலட்டை, மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி. இரண்டாவது காலிபரேஷன் காரணி அட்டவணை. ஒவ்வொரு அலைவரிசையிலும் வந்த திறனில் எத்தனை சதவீதத்தைச் சென்சார் கணக்கில் எடுக்கிறது என்பதை அந்த அட்டவணை சொல்கிறது. 50 மெகாஹெர்ட்ஸில் நூறாக இருப்பது 10 கிகாஹெர்ட்ஸில் சில சதவீதம் குறைந்திருக்கும். அட்டவணை கிழிந்துபோன சென்சார் தாழ்ந்த அலைவரிசையில் பயன்படும். மேலே போகப் போக அதன் சொல் நம்பத்தக்கதல்ல. மூன்றாவது கனெக்டரின் முகம், நேராகவும் வெளிச்சத்திலும். நான்காவது பின்புறத்துப் பன்னிரண்டு ஊசி இணைப்பு.

அட்டவணை ஒட்டியிருப்பதாலேயே அது அந்தச் சென்சாருக்கு உரியது என்று கொள்ள முடியாது. கருகிய சென்சாரின் உறுப்பை மட்டும் மாற்றும் பழுது வேலை உண்டு. மாற்றிய பிறகு பழைய அட்டவணை பொருந்தாது. மேலட்டை ஓரம் உயர்ந்திருந்தாலோ, திருகின் தலையில் கீறல் இருந்தாலோ, குழலின் இரண்டு பாதிகளும் வெவ்வேறு நிறத்தில் வெளுத்திருந்தாலோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். விலையைக் குறைத்துப் பேச அது ஒரு காரணம்.

மீட்டரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பேசுமா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். 8480 வரிசைச் சென்சாரை 435ஏ, 436ஏ, 437பி, 438ஏ, ஈ4418, ஈ4419 மீட்டர்கள் ஏற்கும். 432ஏ ஏற்காது, அதற்கு அதன் தெர்மிஸ்டர் மவுண்ட்தான். ஒரு நிறுவனத்தின் சென்சார் இன்னொரு நிறுவனத்தின் மீட்டரில் பொதுவாக வேலை செய்யாது. 8480-இல் சமிக்ஞையை வெட்டி மாறுமின்னாக்கும் சாப்பரும் பெருக்கியின் முதல் பாதியும் சென்சாருக்குள்ளேயே இருக்கின்றன, மறுபாதி மீட்டரில். ஆகவே இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தால்தான் சுற்று முழுமையாகும். 11730 என்ற எண்ணுள்ள கேபிளும் தனியாக விலைபோகும் சாமான். அது இல்லாமல் சென்சாரை மட்டும் வாங்கிவந்து, கேபிளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. டி வகைச் சென்சார் என்றால் 11708ஏ என்ற 30 டெசிபல் அட்டணுவேட்டரும் கூட வர வேண்டும். மீட்டரின் ஒரு மில்லிவாட் ஆதாரம் அந்தச் சென்சாரின் உச்ச எல்லையைப் போல் நூறு மடங்கு. ஆயிரத்தில் ஒரு பங்காக்கிக் கொடுத்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

கருகும் விதம்

8481ஏ-யின் பாதுகாப்பு எல்லை சராசரி 300 மில்லிவாட். ஐந்து வாட் கைச்செட்டை நேராக அதில் மாட்டி அழுத்தினால் எல்லையைப் போல் பதினாறு மடங்குக்கு மேல் உள்ளே போகும். கண்ணிமைக்கும் நேரத்தில் மெல்லிய படலம் அறுந்துவிடும். சத்தமோ புகையோ வராது. அறுந்தது முழுதாக அறுந்தால் நல்லது, மீட்டர் ஒன்றும் காட்டாது, வாங்குபவர் வேண்டாம் என்று வைத்துவிடுவார். கெடுதல் செய்வது பாதி வெந்த சென்சார். எல்லையைச் சற்றே தாண்டிய திறனில் படலத்தின் மின்தடை நிரந்தரமாக மாறிவிடும். மீட்டரின் காலிபரேஷன் திருகு அந்தக் குறையை ஈடுகட்டி, 50 மெகாஹெர்ட்ஸ் ஒரு மில்லிவாட்டில் 1.000 என்றே காட்ட வைக்கும். அலைவரிசை ஏற ஏறத்தான் பொய் வெளிப்படும்.

மல்டிமீட்டரை எடுத்து நடு ஊசிக்கும் உடலுக்கும் இடையே 50 ஓம் வருகிறதா என்று பார்ப்பது பலருக்கும் கைப்பழக்கம். 8481ஏ-யில் உள்ளே நுழைந்ததும் ஒரு தடுப்புக் கெப்பாசிட்டர் இருப்பதால் நல்ல சென்சாரும் திறந்த சுற்று என்றே காட்டும். அதைக் கண்டு நல்லதைக் கழித்தவர்களும் உண்டு. டயோடு சென்சாரிலோ மல்டிமீட்டர் செலுத்தும் மின்னோட்டமே ஆபத்து. ஓம் மீட்டருக்கு இங்கே வேலை இல்லை.

சோதனை வரிசை

பயணத்தில் வந்த சென்சாரை உடனே மாட்டக் கூடாது. சித்திரை வெயிலில் பேருந்தின் மேல்தட்டில் வந்தது நிழலுக்கு வந்து ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். மீட்டரையும் அரை மணி நேரம் ஓட விட வேண்டும். மின்விசிறி சென்சார்மேல் வீசக் கூடாது. தெர்மோகப்பிள் வெப்பத்தைத்தான் அளக்கிறது. உடலின் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் பூஜ்யம் அலையும். இதையே முதல் சோதனையாகவும் பயன்படுத்தலாம். மிக நுண்ணிய வரம்பில் வைத்து, சென்சாரின் கழுத்தை விரல்களால் பிடித்தால் எண் மெல்ல நகரும், விட்டால் திரும்பும். அப்படி நகர்ந்தால் உறுப்பும் சாப்பரும் உயிரோடு இருக்கின்றன. அசையவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். ஊசி வளைந்த கேபிள் நல்ல சென்சாரைப் பிணமாகக் காட்டும்.

அடுத்து பூஜ்யம். ரேடியோ திறன் எதுவும் இல்லாமல் பூஜ்யம் வைத்து, பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். பக்கத்தில் கைச்செட்டில் யாரும் பேசக் கூடாது. பிறகு மீட்டரின் 50 மெகாஹெர்ட்ஸ் ஆதாரத்தில் மாட்டி ஒரு மில்லிவாட் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும் திருகு அதன் ஓரத்துக்குப் போய்விட்டாலோ, புது மீட்டர் பிழை அறிவித்தாலோ சென்சாரின் உணர்திறன் குறைந்துவிட்டது. மீட்டரின் ஆதாரமே பழுதாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு மில்லிவாட் 50 ஓமில் 0.632 வோல்ட் உச்சிக்கு உச்சி. 50 ஓம் முனையமிட்ட ஆஸிலோஸ்கோப்பில் அது அரை வோல்ட்டாகவோ ஒரு வோல்ட்டாகவோ தெரிந்தால் ஆதாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் அந்த அலைவரிசையிலேயே சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால் இது பருவெட்டான சோதனை மட்டுமே.

மூன்றாவது, படிக்கட்டுச் சோதனை. 10 டெசிபல் படிகளுள்ள அட்டணுவேட்டரை இடையில் வைத்து, பிளஸ் 10 டிபிஎம்மில் தொடங்கி மைனஸ் 20 வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எண் பத்துப் பத்தாகக் குறைய வேண்டும். எல்லாப் படியிலும் ஒரே அளவு பிசகினால் அட்டணுவேட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் பிசகினால் சென்சாரை.

நான்காவதுதான் பாதி வெந்ததைக் காட்டிக்கொடுப்பது. நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி இன்று பல ஹாம்களிடம் இருக்கிறது. அதன் வெளியீடு ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு என்பதால் 8481ஏ-க்கு அதனால் தீங்கில்லை. கேபிளின் நுனியில் அதைச் சரிசெய்துவிட்டுச் சென்சாரை மாட்டினால் எதிரொளிப்பின் அளவான எஸ்.டபிள்யூ.ஆர். தெரியும். 8481ஏ-க்கு உரிய உச்ச அளவு 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை 1.10, அங்கிருந்து 12.4 வரை 1.18, 18 வரை 1.28. மலிவான அடாப்டர் வழியாக 1.10-க்கும் 1.13-க்கும் வித்தியாசம் காண முடியாது. காண வேண்டிய தேவையும் இல்லை. கெட்ட சென்சார் 1.4, 1.6 என்று துணிந்து நிற்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அளவு ஏறினால் அது தடுப்புக் கெப்பாசிட்டரின் இயல்பு, குறையல்ல.

எஸ்.டபிள்யூ.ஆர். ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லும். டிரான்ஸ்மிட்டர் பக்கம் 1.5, சென்சார் பக்கம் 1.10 என்றால் இரண்டின் எதிரொளிப்பும் சேர்ந்து உண்டாக்கும் ஐயம் கூட்டியோ குறைத்தோ 1.9 சதவீதம். சென்சாரும் 1.5 ஆகிவிட்டால் அது 8 சதவீதம். பெட்டியின் திரையில் எத்தனை தசம இடங்கள் இருந்தாலும் இந்த ஐயம் குறையாது.

கடைசிச் சோதனை கனெக்டருக்கு. ஒரே ஆதாரத்தில் ஐந்து முறை கழற்றி மாட்டி, ஐந்து எண்களையும் எழுத வேண்டும். 0.05 டெசிபலுக்கு மேல் ஆடினால் நடு ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே இறங்கியிருக்கிறது. மாட்டும்போது வெளி நட்டை மட்டும் திருக வேண்டும். சென்சாரின் உடலைப் பிடித்துத் திருகினால் ஊசி விரல்களுக்குள் அரைபடும். முந்தைய உரிமையாளர் அப்படித் திருகியவரா என்பதை ஊசியின் மேல் வளையமாகத் தெரியும் கீறல் சொல்லிவிடும்.

துணைச் சாமான்கள்

சென்சார் நல்லதாக அமைந்த பிறகு அதைக் காப்பது அட்டணுவேட்டரின் பொறுப்பு. ஐந்து வாட் என்பது 37 டிபிஎம். 30 டெசிபல் குறைத்தால் 7 டிபிஎம், அதாவது 5 மில்லிவாட். சென்சாருக்கு வசதியான அளவு. 25 வாட் வண்டிச் செட்டும் அதே அட்டணுவேட்டர் வழியாக 25 மில்லிவாட்டாகிவிடும். அட்டணுவேட்டர் அந்த வாட்டைத் தாங்குமா என்று பார்ப்பதோடு, எந்த முனை உள்ளீடு என்றும் பார்க்க வேண்டும். உயர்திறன் அட்டணுவேட்டர்களில் பலவற்றில் ஒரு முனைதான் சூட்டைத் தாங்கும். திருப்பி மாட்டினால் அது கருகும், கூடவே சென்சாரும் போகும்.

அட்டணுவேட்டரும் பழையதுதான் என்பதால் அதன் மேல் எழுதிய 30-ஐ நம்பாமல் வேலை செய்யும் அலைவரிசையில் நானோவிஎன்ஏ-யால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். 0.1 டெசிபல் பிழை திறனில் 2.3 சதவீதம், 0.3 டெசிபல் 7 சதவீதம். ஒரு டெசிபல் ஏறக்குறைய கால் பங்கு. ஒரு சதவீதச் சென்சாரை அரை டெசிபல் அட்டணுவேட்டரோடு வைத்திருப்பது தங்கத் தராசில் செங்கல்லைப் படிக்கல்லாக வைப்பது போல. 8481பி போன்ற 25 வாட் சென்சார்களில் அட்டணுவேட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக அளவிடப்பட்டவை. அவற்றைப் பிரித்து விற்றிருந்தால் அட்டவணைக்குப் பொருள் இல்லை.

பத்து சதவீதத் துல்லியம் போதும் என்கிற வேலைக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பேர்ட் 43 என்ற வரிவழி வாட்மீட்டர் நேராக வாட் கணக்கில் காட்டும். முழு அளவில் 5 சதவீதப் பிழை. அலைவரிசைக்கும் திறனுக்கும் ஏற்பச் செருகும் எலிமென்ட்களைத் தனித்தனியாகப் பழையதில் வாங்கலாம். கீழே விழுந்த பேர்டின் முள் ஒட்டிக்கொள்ளும் என்பதொன்றே கவனிக்க வேண்டியது. சொந்தமாகக் கட்ட விரும்புபவர்களுக்கு ஏடி8307 என்ற மடக்கைச் சில்லு 500 மெகாஹெர்ட்ஸ் வரை வழிகாட்டும். வெஸ் ஹேவார்டும் பாப் லார்க்கினும் 2001-இல் க்யூ.எஸ்.டி. இதழில் வெளியிட்ட மீட்டர் அந்தச் சில்லை வைத்துக் கட்டியது. ஆனால் அப்படிக் கட்டியதற்கும் ஒரு மில்லிவாட் எது என்று சொல்லித்தர ஒரு நல்ல சென்சார் எங்காவது வேண்டும். ஓர் ஊரில், ஒரு வட்டாரத்தில் ஒருவரிடம் இருந்தால்கூடப் போதும்.

அளவுத்திருத்தமும் பதிவேடும்

இந்தியாவில் திறன் அளவின் மூல ஆதாரம் புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கிருந்து சங்கிலியாக இறங்கி என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு வருகிறது. சென்னையில் எஸ்.டி.க்யூ.சி. அமைப்பின் மின்னணுச் சோதனை மையம் அத்தகைய வேலை செய்கிறது. அனுப்புமுன் எந்த அலைவரிசைகள் வேண்டும் என்று குறிப்பிடுவது நல்லது; புள்ளிக்குப் புள்ளி கட்டணம் ஏறும். 7, 145, 435 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவர் 18 கிகாஹெர்ட்ஸ் வரை பணம் கட்ட வேண்டியதில்லை. சென்சாரின் பாதி விலையைச் சான்றிதழுக்குக் கொடுக்கச் சிலருக்கு மனம் வராது. அப்படிப்பட்டவர்கள் சான்றிதழ் உள்ள சென்சார் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு நாள் கொண்டுபோய், இரண்டையும் ஒரே ஆதாரத்தில் மாற்றி மாற்றி மாட்டி ஒப்பிடுவார்கள். அவருடைய சான்றிதழின் ஐயத்தோடு ஒப்பீட்டின் ஐயமும் சேரும் என்பதை அறிந்திருந்தால் பட்டறைக்கு இது தாராளமாகப் போதும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். வாங்கிய நாள், தொடர் எண், பூஜ்யத்தின் அலைவு, மில்லிவாட் சரிசெய்த திருகின் இடம், நானோவிஎன்ஏ காட்டிய எஸ்.டபிள்யூ.ஆர்., ஐந்து முறை மாட்டியதில் வந்த எண்கள் ஆகியவை முதல் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து கீழே எழுதிவந்தால், சென்சார் எந்த மாதம் சறுக்கியது என்று தெரியும். அந்த மாதம் என்ன மாட்டினோம் என்று தேடிப் பார்க்கலாம். பயன்படுத்தாத நேரத்தில் கனெக்டருக்கு மூடி, நிலைமின் தடுப்புப் பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

சென்சாரை விற்கும் நாள் வரும்போது அந்த நோட்டின் பக்கங்களும் கூடவே போக வேண்டும். வாங்க வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்கும். “ஆன் ஆகுது” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய நிலை விற்பவருக்கு வராது.